கலங்கினதா, கலக்கினதா?

வருஷம் தவறாமல் இந்தச் செய்தி வந்துவிடும். 'ராமேஸ்வரத்தில் திடீரென உள்வாங்கிய கடல்: மீனவர்கள் பீதி.' கூடவே ஒரு படம். கரையோரம் நாட்டுப்படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடக்கும், பாசி காய்ந்துகொண்டிருக்கும், தூரத்தில் பாம்பன் பாலம் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு பத்திரிகைகளுக்கு வந்த பழக்கம் இது. கடல் இறங்கினாலே பீதி. ஆனால் எங்கள் பக்கத்து வடகடல், அதாவது பாக் நீரிணை, ஆழம் இல்லாத கடல். காற்றும் நீரோட்டமும் மாறினால் தண்ணீர் இறங்கும், சில மணி நேரத்தில் ஏறிவிடும். அங்கே பிறந்தவர்களுக்கு அது பொழுது சாய்வதுபோல ஒரு சங்கதி. இந்த முறை செய்தியைப் பார்த்ததும் தங்கச்சிமடத்துச் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "பீதியா? யாருக்குப்பா? படகு தரை தட்டிக் கெடக்கு. தண்ணி ஏறுனாத்தான் எறக்க முடியும். இன்னைக்குப் பொழப்பு போச்சேன்னு வயித்தெரிச்சல்ல இருக்கோம். பீதியாம்ல!" என்றார்.

நான் மதுரையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். அச்சம், பீதி, பதற்றம், கலக்கம் எல்லாம் தினமும் கண்ணில் படும் சொற்கள். தலைப்பில் இவற்றில் எது உட்காரும் என்பதை ஊரார் மனநிலை முடிவு செய்வதில்லை. பத்தியின் அகலம்தான் முடிவு செய்கிறது. இடம் குறைவாக இருந்தால் பீதி, தாராளமாக இருந்தால் கலக்கம். 'பதட்டம்' என்று வருவதைப் 'பதற்றம்' என்று திருத்துவது என் அன்றாட வேலை. பதறு என்பதிலிருந்து வந்தது, அதனால் றகரம்தான் சரி. எத்தனை திருத்தினாலும் அடுத்த நாள் 'ட்ட' போட்டுத்தான் வரும். சரி, அது வேறு புலம்பல். எனக்கு உறுத்தல் எழுத்துப்பிழையில் இல்லை. இந்தப் பதற்றம் என்ற ஒரே சொல் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டு வருவதில்தான். தேர்தல் வந்தால் 'பதற்றமான வாக்குச்சாவடிகள்'. இரண்டு ஊருக்குள் தகராறு என்றால் 'பதற்றம் நிலவுகிறது, போலீஸ் குவிப்பு'. இப்போது மருத்துவமனைச் சுவரிலும், மனநலம் பற்றிய துண்டறிக்கையிலும் அதே பதற்றம். கூட்டத்துக்கும் பதற்றம், தனி ஆளுக்கும் பதற்றம். கலவரம் என்ற சொல்லுக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. 'முகத்தில் கலவரம் தெரிந்தது' என்று ஒருவர் மனசைச் சொல்லப் பயன்பட்ட சொல், இன்று கல்வீச்சு, கடையடைப்பு என்று தெருவுக்குப் போய்விட்டது.

எங்கள் கடற்கரையில் மனசு சரியில்லை என்பதைச் சொல்ல ஆயிரம் வழி உண்டு, ஆனால் பதற்றம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நெஞ்சு திக்கு திக்கென்று அடிக்கும், பகீரென்று இருக்கும், கால் வெடவெடக்கும், இருப்புக் கொள்ளாது. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருந்து பள்ளிக்கு வந்த கூட்டாளியின் அம்மா 'அந்தரமாக் கிடக்கு' என்பார். நமக்கு அந்தரம் என்றால் பிடிமானம் இல்லாமல் நடுவானத்தில் தொங்குவது. அவர் பேச்சில் அவசரமும் மனக்கிலேசமும் சேர்ந்தது. சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு விளையாட ஓடினால் 'அந்தரப்படாதை தம்பி' என்று அதட்டுவார். அடுத்த நிமிஷமே, அக்கரையில் விட்டுவந்த தங்கச்சியிடமிருந்து கடிதம் வரவில்லை என்பதற்கும் அந்தரம் என்பார். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இதெல்லாம் போய்ச் சேரும் இடம் வயிறு. வயித்தைக் கலக்குது, அடிவயிறு கலங்கிருச்சு, வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி இருக்கு. சித்தப்பாவின் கோபம்கூட வயிற்றில்தான் எரிகிறது, மேலே பார்த்தீர்கள்.

வயிற்றுக்குக் கொடுத்த மாத்திரை

சித்தப்பாவின் மகன், என் தம்பி, விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். ராமேஸ்வரத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போகும். போனால் மறுநாள் காலையில் திரும்பும். போன வாடைக் காலத்தில் ஒரு நாள் அவன் படகு திரும்பவில்லை. போனில் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்ற பதிவுக் குரல் மட்டும். கூடப் போன படகுக்காரர்கள் பார்க்கவில்லை என்றார்கள். அன்றைக்குப் பாம்பன் துறைமுகத்தில் கூண்டு எதுவும் ஏற்றவில்லை என்பது சின்னம்மாவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இல்லை. புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் ஒன்று முதல் பதினொன்று வரை உண்டு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எட்டு, ஒன்பது, பத்து என்றால் பெரும் ஆபத்து. ஆனால் அதற்கும் மேலே உள்ள பதினொன்றாம் எண்ணுக்கு அர்த்தம் பெரிய புயல் என்பது இல்லை. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துபோயிற்று, நிலைமை மோசமாகலாம் என்று உள்ளூர் அதிகாரி நினைக்கிறார் என்பதுதான். காற்று எத்தனை வேகம் என்று தெரிந்த பத்தைவிட, ஒன்றுமே தெரியாத பதினொன்று மேலே இருக்கிறது. இதை வகுத்தவர் வீட்டில் யாரோ கடலுக்குப் போயிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

எஞ்சின் கோளாறு. நீரோட்டத்தில் இழுபட்டுக் கிடந்த படகை மறுநாள் மத்தியானம் வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. தம்பி வந்து சோறு தின்றுவிட்டுத் தூங்கினான். சின்னம்மா ஓலைக்குடாவில் சங்கிலி மாதாவுக்கா, தங்கச்சிமடத்து அந்தோணியாருக்கா என்று இல்லாமல் எல்லாருக்கும் மெழுகுவத்தி ஏற்றினார். அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

முடியவில்லை. ஒரு மாதம் கழித்தும் சின்னம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். சின்ன வயசு டாக்டர், வேறு மாவட்டத்துக்காரர். என்ன செய்கிறது என்று கேட்டார். "வயித்தைக் கலக்குது சார்" என்றார் சின்னம்மா. எத்தனை தடவை போகிறது என்றார் டாக்டர். "எங்க போறது?" என்று சின்னம்மா என்னைப் பார்த்தார். தண்ணியா போகுதா, வலி இருக்கா, வெளியில் சாப்பிட்டீர்களா என்று அவர் வரிசையாகக் கேட்க, சின்னம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். டாக்டர் கேட்டால் ஆமாம் என்று சொல்வதுதான் மரியாதை என்பது அவர் கட்சி. வயிற்றுப்போக்கு மாத்திரையும் உப்பு சர்க்கரைப் பொட்டலமும் வாங்கிக்கொண்டு வந்தோம். டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வயிற்றைக் கலக்குகிறது என்பது தமிழ்நாடு முழுக்க இரண்டுக்கும் பொதுவான பேச்சு. கேட்கிறவர் எந்தக் காதால் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது.

அப்புறம் வேறோர் இடத்தில் ஆலோசகர் ஒருவரைப் பார்த்தோம். பொறுமையான பெண். ஒரு கேள்வித்தாளை எடுத்தார். பதற்றத்தை அளக்கும் தாள், ஜிஏடி-7 என்று பெயர், 2006இல் வந்தது, உலகம் முழுக்கப் புழங்குவது. ஏழே கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் இந்தத் தொந்தரவு எத்தனை நாள் இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் சொல்ல வேண்டும். இல்லவே இல்லை என்றால் 0, கிட்டத்தட்ட தினமும் என்றால் 3, எல்லாம் கூட்டினால் அதிகபட்சம் 21. பத்தைத் தொட்டாலே கவனிக்கச் சொல்வார்கள். பதற்றமாக இருந்ததா என்று அவர் தமிழில் கேட்டார். "பதட்டமா? எனக்கென்ன பதட்டம்? அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார் சின்னம்மா. கவலையை நிறுத்த முடியாமல் போனதா? "கவலை இல்லாத ஆளு யாரு இருக்கா?" அவர் எழுதிய எண்ணை எட்டிப் பார்த்தேன். பத்தைத் தொடவில்லை.

பஸ்ஸில் வரும்போது ரொம்ப நேரம் பேசாமல் வந்த சின்னம்மா, பாலம் ஏறும்போது கேட்டார்: "என்னைய ஏர்வாடிக்குக் கொண்டு போயி விடலாம்னு பாக்குறியா அப்பு?"

எங்கள் மாவட்டத்தில் ஏர்வாடி என்ற பெயருக்கு இரண்டு முகம். ஒன்று, மதம் பார்க்காமல் எல்லோரும் போய் வேண்டிக்கொள்ளும் தர்கா. சின்னம்மாவே சந்தனக்கூட்டுக்குப் போய் வந்தவர்தான். இன்னொன்று, யாரையாவது கிறுக்கு என்று சொல்ல வேண்டுமானால் 'ஏர்வாடி கேஸு' என்று சொல்லும் வாய். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் காப்பகங்களை மூடினார்கள், உச்ச நீதிமன்றம் தலையிட்டது, தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மருந்தும் கொடுக்கும் திட்டம் வந்தது. ஆனால் எங்கள் பக்கத்து அம்மாக்களுக்கு அந்தச் சங்கிலி மறக்கவில்லை. கையில் தாளை வைத்துக்கொண்டு மனசு பற்றி ஒருவர் கேட்டாலே, பின்னால் சங்கிலி வரும் என்று உடம்பு சொல்லிவிடுகிறது. அப்படி இருக்கும்போது அந்த ஏழு கேள்விக்கும் அவர் 'இல்லை' என்று சொன்னது கணக்குப் போட்டுச் சொன்னதாகத்தான் இருக்கும்.

டம்ளர்த் தண்ணியும் கடலும்

மண்டபத்தில் மாமா இருக்கிறார், சின்னம்மாவின் அண்ணன். இளவட்டத்தில் சங்கு குளித்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னம்மாவை அங்கே கூட்டிப்போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் மூன்று பேரும் வீட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். வாடை இன்னும் விட்டபாடில்லை. எதிரே வடகடல் செம்மண் கரைத்தது போலக் கிடந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் வந்திருக்கும் அந்தக் குருவும் சீடனும் கதையை எடுத்துவிட்டேன். வண்டி போய்க் கலங்கிய ஓடையில் தண்ணீர் மொள்ளச் சீடன் போகிறான், திரும்பி வருகிறான், கொஞ்சம் பொறு, தானே தெளியும் என்கிறார் குரு. மனசும் அப்படித்தான் சின்னம்மா, ஆற விட்டால் தெளிந்துவிடும் என்று முடித்தேன்.

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "டம்ளர்த் தண்ணின்னா தெளியும்பா. கடல் எப்படித் தெளியும்? காத்து நிக்கணும், இல்ல திரும்பணும். காத்து பாட்டுக்கு அடிச்சுக்கிட்டு இருக்கு, நீ கரையில உக்காந்து வேடிக்கை பாத்தா தெளிஞ்சுருமா?"

அதற்குப் பிறகு அவர் என்னை விட்டுவிட்டார், கடலைப் பற்றித்தான் பேசினார். அவர் பேச்சில் கலக்கம் கிடையாது, 'கலக்கு'தான். தண்ணி கலக்கா இருக்கு, இன்னைக்குத் தெளிவு, நாளைக்குப் பார்க்கலாம். வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் கலக்கு, தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, அடங்கியிருக்கும். மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் அடிக்கும் கச்சானும் சோழகமும் கிளம்பினால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கும். ஒன்றை ஆண்கடல் என்றும் ஒன்றைப் பெண்கடல் என்றும் பெயர் வைத்துவிட்டு, வருஷத்தில் பாதி நாள் பெண் போடும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம் என்றார். அதனால்தான் பாம்பன் பக்கத்து ஆட்கள் காற்றைப் பார்த்து இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் படகை மாற்றிக்கொள்கிறார்கள். சங்கு குளிப்பவனுக்குத் தெளிவுதான் சாமி. மணலில் பாதி புதைந்து கிடக்கும் சங்கை மேலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். கலக்கில் இறங்கினால் நீட்டிய கை தெரியாது. பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் அப்படித்தான். ஆனால் வலைக்காரன் கலக்கு வராதா என்று காத்திருப்பான். கலக்கில் மீனுக்கு வலை தெரியாது. கலக்கில்தான் இறால் கிளம்பும். ஒரே தண்ணீர், ஒருவருக்குப் பட்டினி, இன்னொருவருக்கு மீன்பாடு. கலக்கு கெட்டதா மாமா என்று கேட்டேன். "யாரைக் கேக்குற?" என்றார்.

அப்புறம் தங்கச்சி பக்கம் திரும்பினார். அவர் கேட்டது ரொம்பச் சாதாரணமாக இருந்தது. "அதான் பய வந்துட்டான்ல. இன்னும் என்ன ஒனக்கு?"

இதையே நாங்கள் எல்லோரும் கேட்டிருந்தோம். ஆனால் நாங்கள் கேட்டதில் பதில் எங்களிடமே இருந்தது: பயந்துபோய்விட்டாய், அது போகவில்லை. மாமாவுக்கு நிஜமாகவே தெரியாது, அதனால் கேட்டார். சின்னம்மா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். "வந்துட்டான். வந்து, இனி அந்தப் படகுல ஏற மாட்டேங்குறான். எஞ்சின் அப்பவே சரியில்லையாம், சொல்லிச் சொல்லிப் பாத்தானாம். வேற படகுக்குப் போறேங்குறான். போனா முன்பணத்தை யாரு வைக்கிறது? பாப்பா கல்யாணத்துக்கு வாங்கினது அப்படியே கெடக்கு. வையின்னா எதை வைக்க? ஏறுன்னா எப்படி ஏறச் சொல்ல?" மாமா எவ்வளவு என்று கேட்டார். சின்னம்மா சொன்னார். மாமா பதில் சொல்லாமல் இன்னொரு வெற்றிலையை எடுத்தார்.

முன்பணம் பற்றி எங்கள் ஊர் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விசைப்படகில் போகும் கூலி, படகுக்காரரிடம் கல்யாணத்துக்கோ வீட்டுக்கோ ஒரு தொகை வாங்கியிருப்பார். அதைத் திருப்பும்வரை அவர் அந்தப் படகு ஆள். வேறு படகுக்குப் போக வேண்டுமானால் புதுப் படகுக்காரர் பழைய கணக்கைத் தீர்க்க வேண்டும், அதாவது கடன் கைமாறும். படகுக்காரரும் வியாபாரியிடம் வாங்கித்தான் கொடுத்திருப்பார் என்பது வேறு.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. சின்னம்மாவுக்கு வயிற்றைக் கலக்குவது தினமும் இல்லை. திங்கள், புதன், சனி. மகன் வேறு வழியில்லாமல் அந்தப் படகில் ஏறும் நாட்கள். இரண்டு வாரத்தில் எத்தனை நாள் என்ற கேள்விக்கு அவர் நேர்மையாகப் பதில் சொல்லியிருந்தாலும் ஏழில் மூன்று நாள் என்று ஒரு மதிப்பெண் விழுந்திருக்கும். எந்த மூன்று நாள் என்று கேட்க அந்தத் தாளில் இடம் இல்லை.

கலங்கு, கலக்கு

மெய்ப்புப் பார்ப்பவனுக்கு இலக்கணம் புத்தியை விட்டுப் போகாது. கலங்கு என்பது தன்வினை, கலக்கு என்பது பிறவினை. அடங்கு, அடக்கு மாதிரி. மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். தண்ணீர் கலங்கினால், கலக்கியது ஒன்று இருந்தாக வேண்டும்: காற்றோ, மாடோ, வலையோ. கலக்கம் என்ற பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்திலேயே 'எது கலக்கியது' என்ற கேள்வி சும்மா வந்து உட்கார்ந்துகொள்கிறது. பதறு என்பதற்கு அப்படி ஒரு ஜோடி பேச்சில் இல்லை. 'அவன் என்னைப் பதற்றினான்' என்று யாராவது சொல்வார்களா? 'பதற வைத்தான்' என்று துணைவினையைக் கூப்பிட வேண்டும். பதற்றம் அந்த ஆளோடு தொடங்கி அந்த ஆளோடு முடிகிறது. கை நடுங்குகிறது, நாக்குக் குழறுகிறது, நிதானம் இல்லை. கிட்டத்தட்ட ஒரு குறை சொல்லும் சொல். 'பதறாத காரியம் சிதறாது' என்று பெரியவர்கள் சொல்வதும் அதற்காகத்தான்: பதறியது உன் தப்பு. கலங்கியவரை யாரும் அப்படித் திட்டுவதில்லை. கண் கலங்கினால் பக்கத்தில் வந்து 'என்னாச்சு' என்று கேட்பார்கள்.

வள்ளுவர் 'கலங்காது கண்ட வினைக்கண் துளங்காது தூக்கங் கடிந்து செயல்' என்கிறார். 668ஆவது குறள். தெளிவாக ஆராய்ந்து துணிந்த காரியத்தில் தளராமல், காலம் தாழ்த்தாமல் இறங்கு என்று உரை சொல்வார்கள். நான் எத்தனையோ முறை மெய்ப்புப் பார்த்த குறள். மாமா வீட்டுக்குப் போய் வந்த பிறகுதான் 'கலங்காது' என்பதற்குப் பக்கத்தில் 'கண்ட' இருப்பது கண்ணில் பட்டது. வள்ளுவருக்குக் கலக்கம் பார்வையின் சிக்கல். சங்கு குளிப்பவருக்கும் அப்படித்தான். (கலங்கரை விளக்கத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்து, கலங்கியவருக்குக் கரை காட்டும் விளக்கு என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது கலம், கப்பல். கப்பலைக் கூவி அழைப்பது கரைதல். 'ஓடுகலம் கரையும் துறை' என்று பெரும்பாணாற்றுப்படையிலேயே இருக்கிறது.)

கலக்கு என்ற பிறவினைக்கு மட்டும் எப்படியோ யோகம் அடித்துவிட்டது. தம்பி கல்லூரிக் கூட்டாளிகள் அவன் போட்ட வீடியோவுக்குக் கீழே 'கலக்கிட்ட மச்சி' என்று எழுதுகிறார்கள். கலங்கினால் அனுதாபம், கலக்கினால் கைதட்டல். கலக்குகிறவனைக் கொண்டாடுவது சினிமா கொண்டுவந்த பழக்கம் என்று முதலில் நினைத்தேன். மாமா சொன்ன வலைக்காரரை நினைத்தால், அதற்கும் முன்னாலேயே அப்படித்தான் போல.

கலக்கத்தைச் சொல்லும் தமிழ் வரிகளில் பாமரரும் அறிந்தது 'கடன்கொண்டார் நெஞ்சம் போலும் கலங்கினான் இலங்கை வேந்தன்' என்பதுதான். கம்பன் சொன்னதாகவே மேடையெல்லாம் முழங்குவார்கள். கம்பராமாயணத்தில் அந்த வரி இல்லை. இராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயருடையது என்பார்கள். யார் பாடியிருந்தாலும் அதில் ஒரு தலைகீழ் இருக்கிறது. ராமன் எய்த அம்பு, போர்க்களம், பத்துத்தலை அரசன். இவ்வளவு பெரிய கலக்கத்துக்கு உவமை தேடிய புலவர் கடன்பட்ட ஒரு சம்சாரியின் நெஞ்சுக்கு வருகிறார். கேட்பவர்களுக்கு அம்பைத் தெரியாது, கடனைத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதே பாட்டு 'விடங்கொண்ட மீனைப் போலும்' என்றுதான் தொடங்குகிறது. தங்கச்சிமடத்திலிருந்து இலங்கை வேந்தனின் ஊர் கூப்பிடு தூரம். சின்னம்மாவிடம் சொன்னேன். "ராவணனுக்கு எவ்வளவு பாக்கியாம்?" என்று கேட்டார். அந்த மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

எது கலக்கியது என்று கேட்கத் தொடங்கினால் அது ஒரு வீட்டோடு நிற்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தம்பி போகும் படகின் வலை அடிமண்ணை உரசிக்கொண்டு போவது. இரண்டு பக்கப் பலகையும் சேற்றைக் கிளப்பிக்கொண்டே வரும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜக் கலக்கு. நாட்டுப்படகுக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் வாரத்தில் நாட்களைப் பிரித்துக் கொடுத்ததே இந்தச் சண்டையில்தான். அக்கரையில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் மீனவர்கள், எங்கள் படகுகள் வந்து தங்கள் வலையை அறுத்துக்கொண்டு போவதாகப் பல வருஷமாகச் சொல்கிறார்கள். 2017இல் இலங்கை இழுவைமடியை, அதாவது இந்த இழுவலையை, சட்டம் போட்டே தடை செய்தது. அவர்கள் வீட்டிலும் ஓர் அம்மா இரவெல்லாம் அந்தரப்பட்டுக்கொண்டு இருப்பார். சின்னம்மாவின் கலக்கத்துக்குப் படகுக்காரர் காரணம் என்று நான் கை நீட்டினால், அந்த அம்மா என் தம்பியை நோக்கிக் கை நீட்டுவார். அதே 2017இல் இழுவலைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்ற நம் பக்கமும் ஒரு திட்டம் வந்தது. மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், படகுக்காரர் 10 சதவீதம், மீதி 20 சதவீதம் வங்கிக் கடன். ஒரு படகு 80 லட்சம் என்று கணக்கிட்டிருந்தார்கள். கூலிக்குப் போகிறவனின் முன்பணத்துக்கு அந்தக் கணக்கில் வரி எதுவும் இல்லை.

ஆலோசகரிடம் சின்னம்மாவை மறுபடி கூட்டிப்போனேன். இந்த முறை தாளை எடுக்கும் முன்பே, எந்தெந்தக் கிழமையில் இப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னேன். அவர் கேட்டார், சின்னம்மா சொன்னார், முக்கால் மணி நேரம் பேசினார்கள். தூக்கத்துக்கு ஏதோ சின்ன மாத்திரை கொடுத்தார்கள், அதனால் கொஞ்சம் தூங்குகிறார். மாத்திரை வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் கடனுக்கு மாத்திரை கிடையாது என்று அந்த ஆலோசகரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. சின்னம்மாவின் வயிறும் திங்கள், புதன், சனி பார்ப்பதில்லை. மாமா ஒரு தொகை தருகிறேன் என்கிறார், அது பாதிக்குத்தான் வரும். மீதிக்குப் பாம்பனில் வேறொரு படகுக்காரரிடம் சித்தப்பா பேசிக்கொண்டிருக்கிறார். அவர் எஞ்சின் புதுசுதான், ஆனால் முன்பணத்தை முழுசாக ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறார். ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிகிறது. அதற்குள் கணக்கு முடிந்தால் தம்பி புதுப் படகில் ஏறுவான். முடியாவிட்டால் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய் பழைய எஞ்சினைப் பார்க்க வைக்க வேண்டும் என்பது சித்தப்பாவின் யோசனை. செலவு யார் தலையில் என்பது இன்னும் பேசி முடியவில்லை.